விற்றமின் குளிசைகள்: எவ்வளவு வரை பாதுகாப்பு?

மன்னார்த் தீவிலும் அதனை அண்டிய கரையோரக் கிராமங்களிலும் விற்றமின் குளிசைப் போத்தல்களை வீடுகளில் காண்பது இன்று அரிதல்ல. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இலவசமாக வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை ஒரு புறம். பாமசியில் பணங்கொடுத்து வாங்கும் பல்விற்றமின் மாத்திரை மறுபுறம். கனடாவிலும் பிரான்ஸிலும் இலண்டனிலும் வாழும் உறவினர் அனுப்பும் பெரிய போத்தல்களும், வளைகுடா நாடுகளில் தொழில் புரிந்து திரும்புவோர் கொண்டுவரும் மீனெண்ணெய்க் கெப்சூல்களும் இவற்றோடு சேர்கின்றன. பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மாவிலும் விற்றமின்கள் சேர்க்கப்பட்டுள்ளன. தனித்தனியே நோக்குமிடத்து இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால், நமது உடல் அவற்றைத் தனித்தனியே நோக்குவதில்லை. அது கூட்டுத்தொகையை மாத்திரமே அறியும். அந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் யார் என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வியாகும்.

இவ்விடயத்தில் எம்மவரிடையே ஒன்றுக்கொன்று எதிரான இரு தவறுகள் காணப்படுகின்றன. சத்து மாத்திரைதானே, எவ்வளவு உட்கொண்டாலும் நன்மையே என்று எண்ணுவது முதலாவது. குளிசைகளால் தீங்கு உண்டு என்று எங்கோ கேள்விப்பட்டு, கிளினிக்கில் தந்த மாத்திரைகளையும் உட்கொள்ளாது ஒதுக்கி வைப்பது இரண்டாவது. முதலாவது தவறு மெல்ல மெல்லத் தீங்கிழைக்கின்றது. இரண்டாவது, தாயையும் சிசுவையும் ஒருங்கே பாதிக்கின்றது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அளவைப் பற்றிய தெளிவு.

மாத்திரைகள் மீது எமது மக்கள் கொண்டுள்ள நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் வாழ நேர்ந்தது. 2007 முதல் 2009 வரையான காலப்பகுதியில் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பிலிருந்த தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. மீனும் கீரையும் இன்றி உலர் உணவு நிவாரணத்தை மாத்திரம் நம்பியிருந்தோருக்குச் சத்துமாவும் மாத்திரையும் உயிர்காப்பாக அமைந்தன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உணவு விலை உயர்ந்து மருந்துத் தட்டுப்பாடும் ஏற்பட்டபோது அந்நிலைமை வேறொரு வடிவில் திரும்பியது. குறைபாடு என்பது இங்கு கற்பனையல்ல. ஆயினும், குறைபாட்டைப் போக்கும் அளவும் தீங்கு விளைவிக்கும் அளவும் வேறு வேறு என்பதை மறந்துவிடலாகாது.

வரம்பு எவ்வாறு கணிக்கப்படுகின்றது?

ஒவ்வொரு சத்துக்கும் இரு எண்கள் உள்ளன. ஒன்று, ஆரோக்கியமான ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அளவு. மற்றையது, நாள்தோறும் நீண்டகாலம் உட்கொண்டாலும் ஏறத்தாழ எவருக்கும் தீங்கு நேராது எனக் கருதப்படும் மேல் வரம்பு. முதலாவது எண் இலக்கு. இரண்டாவது எண் வேலி. வேலி வரை சென்றே தீர வேண்டும் என்பதில்லை.

இந்த மேல் வரம்பை நிர்ணயிக்கும் முறை எளிதில் விளங்கக் கூடியதே. மனிதரில் தீங்கெதுவும் காணப்படாத மிகக் கூடிய அளவையோ, தீங்கு தோன்றிய மிகக் குறைந்த அளவையோ ஆய்வுகளிலிருந்து முதலில் கண்டறிவர். மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு என்பதாலும், சான்றுகள் முழுமையற்றவை என்பதாலும் அந்த எண்ணை ஒரு பாதுகாப்புக் காரணியால் வகுப்பர். அமெரிக்க மருத்துவ நிறுவகம் 1997 முதல் வெளியிட்ட அறிக்கைகள் இம்முறையையே கையாண்டன. துத்தநாகம் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் சேரும்போது உடலில் செப்புச் சத்தின் நிலை பாதிக்கப்படுவது காணப்பட்டது. 60 ஐ 1.5 ஆல் வகுக்க 40 மில்லிகிராம் வரம்பாயிற்று. விற்றமின் சீ 3000 மில்லிகிராமில் வயிற்றோட்டத்தை உண்டாக்கியது, அதனை 1.5 ஆல் வகுக்க 2000 மில்லிகிராம் கிடைத்தது. போலிக் அமிலத்துக்கு 5 மில்லிகிராமை 5 ஆல் வகுத்து 1 மில்லிகிராம் என வரையறுத்தனர். சான்று எவ்வளவு ஐயத்துக்குரியதோ, விளைவு எவ்வளவு பாரதூரமானதோ, அவ்வளவுக்கு வகுக்கும் எண்ணும் பெரிதாகும்.

இவ்வாறு பெறப்பட்ட, வளர்ந்தோருக்கான நாளாந்த வரம்புகளுட் சில வருமாறு: விற்றமின் ஏ 3000 மைக்ரோகிராம்; விற்றமின் டீ 100 மைக்ரோகிராம்; விற்றமின் ஈ 1000 மில்லிகிராம்; இரும்பு 45 மில்லிகிராம்; கல்சியம் 50 வயது வரை 2500 மில்லிகிராம், அதற்கு மேற்பட்டோருக்கு 2000 மில்லிகிராம். விற்றமின் பீ12 போன்ற சிலவற்றுக்கு வரம்பு எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. அதன் பொருள் அவை எவ்வளவும் தீங்கற்றவை என்பதல்ல; வரம்பிடுவதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதே.

இவ்வெண்கள் கல்வெட்டில் பொறிக்கப்பட்டவையும் அல்ல. விற்றமின் பீ6 இற்கு அமெரிக்க நிறுவகம் 100 மில்லிகிராம் என வரம்பிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையோ 2023 இல் அதனை 12 மில்லிகிராம் எனக் குறைத்தது. நாள்தோறும் 2 முதல் 6 கிராம் வரை பீ6 உட்கொண்ட ஏழு பேர் நடை தடுமாறி, கைகால் உணர்விழந்த செய்தி 1983 ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகில் வெளியாகியிருந்தது. அதன் பின்னர், குறைந்த அளவுகளிலும் நரம்புப் பாதிப்பு ஏற்படக்கூடும் என்ற சான்றுகள் சேர்ந்தன. "நரம்புக்கு நல்லது" என எண்ணி இக்குளிசையை ஆண்டுக்கணக்கில் தாமாகவே வாங்கி உட்கொள்வோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

ஆய்வுகள் தந்த எச்சரிக்கை

கரட்டிலும் பழங்களிலும் உள்ள பீற்றா கரோட்டீன் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையுடன் பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடையே ஒரு பெரும் ஆய்வு நடத்தப்பட்டது. 1994 இல் முடிவு வெளியானபோது, நாள்தோறும் 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டீன் உட்கொண்டோரில் நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீற்றா கரோட்டீனும் விற்றமின் ஏயும் சேர்த்துக் கொடுத்து நடத்திய ஆய்வில் அந்நோய் 28 வீதம் அதிகரிக்கவே, 1996 இல் அது இடைநடுவே நிறுத்தப்பட்டது. உணவிலிருந்து கிடைக்கும்போது நன்மை தரும் ஒரு பொருள், செறிவாக்கிக் குளிசையாகத் தரப்படும்போது அதே நன்மையைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதை இவ்விரு ஆய்வுகளும் உணர்த்தின. பீடியும் சிகரட்டும் புகைப்போர் இதனைச் சிறப்பாக மனங்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாரைப் பொறுத்தவரை இன்னுமோர் ஆய்வு முக்கியமானது. 22,748 கர்ப்பிணிகளின் தரவுகளைக் கொண்டு அமெரிக்காவில் 1995 இல் வெளியான ஆய்வொன்று, நாளொன்றுக்கு 10,000 சர்வதேச அலகுக்கு மேற்பட்ட விற்றமின் ஏயைக் குளிசை மூலம் பெற்ற தாய்மாரிடையே, ஏறத்தாழ 57 சிசுக்களில் ஒன்றுக்கு அதனால் பிறவிக் குறைபாடு ஏற்பட்டிருக்கலாம் எனக் கணித்தது. கருவுற்ற முதல் வாரங்களிலேயே இந்த ஆபத்து கூடுதலாகும். தாம் கருவுற்றிருப்பதையே பலர் அறியாத காலம் அது.

போத்தலைத் திருப்பிப் படிப்போம்

இங்குதான் வீட்டுக் கணக்கு தொடங்குகின்றது. போத்தல்களில் விற்றமின் ஏ, டீ ஆகியவற்றின் அளவு சில வேளை மைக்ரோகிராமிலும், சில வேளை "ஐ.யு." என்று சுருக்கி எழுதப்படும் சர்வதேச அலகிலும் குறிக்கப்படுகின்றது. விற்றமின் டீயில் 40 அலகு 1 மைக்ரோகிராமுக்குச் சமன். எனவே மேற்கூறிய வரம்பு 4000 அலகாகும். குளிசைகளில் உள்ள விற்றமின் ஏயில் 10,000 அலகு 3000 மைக்ரோகிராமுக்குச் சமன். ஆகவே வளர்ந்தோருக்கான வரம்பு 10,000 அலகாகும்.

மீனெண்ணெய் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரு வகை உண்டு. மீனின் உடற்பகுதியிலிருந்து பெறப்படும் எண்ணெயில் ஒமேகா கொழுப்பே முதன்மையானது. ஈரலிலிருந்து பெறப்படும் எண்ணெயிலோ விற்றமின் ஏயும் டீயும் செறிந்துள்ளன. பொதுவான கொட் மீன் ஈரல் எண்ணெயில் ஒரு தேக்கரண்டியில் சுமார் 4500 அலகு விற்றமின் ஏ இருக்கும். ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளையின் நாளாந்த வரம்போ 600 மைக்ரோகிராம், அதாவது 2000 அலகு மாத்திரமே. சளிக்கு நல்லது என்று தாய் அன்போடு ஊட்டும் ஒரு கரண்டி, பிள்ளையின் வரம்பை இரு மடங்குக்கு மேல் தாண்டிவிடுகின்றது. அதே பிள்ளை விற்றமின் சேர்த்த பால்மாவும், விற்றமின் துளிமருந்தும் பெறுமாயின் கூட்டுத்தொகை எங்கு சென்று நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுறா மீன் எமது கரையோரத்துக்குப் புதிதல்ல. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா சமைத்துக் கொடுப்பது தமிழ்க் கரையோரத்தின் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கில் விற்றமின் ஏ பற்றிய அச்சத்துக்கு இடமில்லை; சுறாவின் சதை வேறு, அதன் ஈரல் வேறு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கொட் ஈரல் எண்ணெய் வருவது தடைப்பட்டபோது, அன்றைய சென்னை மாகாணத்தில் சுறா ஈரல் எண்ணெய் தயாரிக்கப்பட்டது என்பதிலிருந்தே அந்த ஈரலின் செறிவு விளங்கும். அதேபோன்று, சமைத்த மாட்டு ஈரல் 100 கிராமில் வளர்ந்தவருக்கான நாளாந்த வரம்பைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட விற்றமின் ஏ உண்டு. எப்போதாவது ஒரு வேளை உண்பதால் ஏனையோருக்குத் தீங்கில்லை. கர்ப்பிணிகள் ஈரலையும் ஈரல் எண்ணெயையும் தவிர்ப்பதே நன்று.

விற்றமின் டீயிலும் ஒரு குழப்பம் உண்டு. கடுமையான குறைபாட்டுக்கு வைத்தியர்கள் 50,000 அல்லது 60,000 அலகு கொண்ட கெப்சூலை வாரமொரு முறை எனக் குறித்த காலத்துக்கு எழுதிக் கொடுப்பதுண்டு. அது சிகிச்சை. அதனை நாளாந்த மாத்திரை என எண்ணித் தினமும் விழுங்கினால், குருதியில் கல்சியம் மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்படும். கடலில் வெயிலில் நிற்கும் மீனவருக்கு வெயிலால் விற்றமின் டீ மிகையாகிவிடுமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. தோல் தேவைக்கு மேல் அதனை உற்பத்தி செய்வதில்லை. மிகை நேர்வது போத்தலால்தான்.

கிளினிக் மாத்திரையை நிறுத்தலாமா?

இரும்பின் வரம்பு 45 மில்லிகிராம் என்றோம். கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் தர வேண்டும் என்கின்றது உலக சுகாதார ஸ்தாபனம். இது முரண்பாடல்லவா என வாசகர் வினவலாம். முரண்பாடில்லை. மேல் வரம்பு என்பது, எவருடைய கண்காணிப்புமின்றித் தானாக உட்கொள்ளும் ஆரோக்கியமானவருக்கு உரியது. 45 என்ற எண்ணும் வயிற்றுப் புரட்டல், மலச்சிக்கல் போன்ற உபாதைகளை அடிப்படையாகக் கொண்டே நிர்ணயிக்கப்பட்டது. கர்ப்பிணியின் தேவை மிக அதிகம். அவரைக் குடும்பநல உத்தியோகத்தரும் வைத்தியரும் கண்காணிக்கின்றனர். ஆகவே கிளினிக் மாத்திரையை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தலாகாது. நிறுத்த வேண்டியது, அதே இரும்பை மீண்டும் தரும் இரண்டாவது போத்தலையே.

இதே விளக்கம் பிள்ளைகளுக்கு வழங்கப்படும் விற்றமின் ஏ பெருமாத்திரைக்கும் பொருந்தும். 1,00,000 அலகு என்றதும் அச்சம் எழலாம். அது ஈரலில் சேமிக்கப்பட்டு மாதக்கணக்கில் பயன்படுகின்றது. ஆறு மாதங்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குச் சுமார் 555 அலகே வரும். கொடுத்த திகதி பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் உண்டா எனப் பார்த்து, இருமுறை கொடுபடாமல் காப்பதே பெற்றோரின் பொறுப்பு.

இடத்துக்கிடம் பாதுகாப்பு மாறுபடும் என்பதையும் மறத்தலாகாது. மலேரியா மிகுந்த பெம்பா தீவில் சிறு பிள்ளைகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்து நடத்திய ஆய்வு, அவர்களிடையே கடும் நோயும் மரணமும் கூடியதாக 2006 இல் அறிவித்தது. மன்னாரும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன பிரதேசமே. ஆனால் 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார ஸ்தாபனத்தால் சான்றுப்படுத்தப்பட்டது. ஆகவே பெம்பாவின் அச்சத்தை இங்கு கொண்டுவந்து கிளினிக் மாத்திரையை மறுக்க வேண்டியதில்லை. அதே வேளை, குருதிச்சோகை அனைத்தும் இரும்புக் குறைவால் வருவதில்லை; தலசீமியாப் பரம்பரையினருக்கும் அது தோன்றும். குருதிப் பரிசோதனை இன்றி மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவது அவர்களுக்கு உதவாது.

எட்டாத உயரத்தில் வையுங்கள்

மெல்லச் சேரும் தீங்குகளைப் பற்றியே இதுவரை கூறினோம். ஒரே நாளில் உயிர் குடிக்கும் தீங்கொன்றும் உண்டு. இரும்பு மாத்திரை இனிப்புப் போலத் தோன்றுவதால் சிறு பிள்ளைகள் எடுத்து விழுங்கிவிடுகின்றனர். உடல் நிறையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பு நஞ்சூட்டத் தொடங்கும். 60 மில்லிகிராம் உயிராபத்து. 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு, 60 மில்லிகிராம் இரும்பு கொண்ட மாத்திரை நான்கு சென்றாலே முதல் எல்லை தாண்டப்படும். பத்து சென்றால் இரண்டாவது எல்லை எட்டப்படும். தாய்க்குத் தரப்படும் ஒரு மாத மருந்து இதனிலும் பன்மடங்கு. வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணி நேரத்தில் நின்று பிள்ளை தேறியது போலத் தோன்றினாலும் நம்பலாகாது. வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாது, மாத்திரைப் பொதியையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

நோன்பும் உணவும்

ரமழான் மாதத்தில் மருந்து நேரங்கள் மாறுகின்றன. தவறிய அளவையும் சேர்த்து இரட்டிப்பாக உட்கொள்வது முறையல்ல. இரும்பையும் கல்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒன்றை நோன்பு திறந்த பின்னரும் மற்றையதை ஸஹரிலும் வைத்துக்கொள்ளலாமா என வைத்தியரிடம் கேட்கலாம். இரும்பு மாத்திரையோடு தேநீர் அருந்தலாகாது என்பது அனைவருக்கும் பொதுவான விதி. கெப்சூல் கூட்டின் ஜெலற்றின் எதிலிருந்து பெறப்பட்டது என்ற ஐயம் முஸ்லிம் வாசகருக்கு எழுவது நியாயமானது. தாவரக் கூடுடைய கெப்சூல்களும், ஜெலற்றின் சேராத மாத்திரைகளும் உண்டு. மருந்தாளரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாமேயன்றி, தேவையான மருந்தையே கைவிடலாகாது. வார்பரின் உட்கொள்ளும் இருதய நோயாளர் விற்றமின் கே கொண்ட எதனையும் வைத்தியரைக் கேளாது தொடலாகாது. முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோட்டின், இருதய மற்றும் தைரொயிட் குருதிப் பரிசோதனைகளைப் பிழையாகக் காட்டக்கூடும் என 2017 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்ததையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

குறைபாடோ விசேட தேவையோ இல்லாத பெரும்பாலானோருக்கு, எமது மண்ணும் கடலும் தருபவை போதுமானவை. முள்ளோடு மென்று உண்ணும் நெத்தலியிலும் சூடையிலும் கல்சியம் உண்டு. முருங்கை இலையிலும் பப்பாசியிலும் பனம்பழக் களியிலும் உள்ள கரோட்டீனை உடல் தன் தேவைக்கேற்பவே விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்கின்றது; எனவே அவை மிகையாகி நஞ்சாவதில்லை. மரக்கறி உணவை மாத்திரம் உண்போருக்கு பீ12 மாத்திரை தேவைப்படலாம். அதுவும் வைத்தியரின் ஆலோசனையுடன் அமைவதே நன்று.

அரசின் கடமை

இலங்கையில் இத்தகைய பொருட்கள் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கும், 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்துக்கும், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்துக்கும் இடையே நிற்கின்றன. உணவா மருந்தா என்று ஐயுறத்தக்க எல்லைப் பொருட்களையும் இறுதியாகக் கூறிய சட்டம் உள்ளடக்குகின்றது. குளிசைகளின் உச்ச அளவு அறிவியல் ரீதியான இடர் மதிப்பீட்டின் அடிப்படையில் அமைய வேண்டும் என 2005 ஆம் ஆண்டிலேயே கோடெக்ஸ் உணவுத் தர ஆணைக்குழு வழிகாட்டியது. ஆனால் உறவினரின் பயணப் பொதியில் வந்து சேரும் போத்தலை எந்தச் சட்டமும் பரிசோதிக்கப் போவதில்லை. அதில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ அரபியிலோ எழுதப்பட்டிருப்பதை எமது தாய்மார் எவ்வாறு அறிவர்? எனவே, எந்தச் சத்தில் எவ்வளவு என்பதை விளக்கும் எளிய தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்றைச் சுகாதாரத் துறை தயாரித்து, தலைமன்னார் முதல் முசலி வரை ஒவ்வொரு கிளினிக்கிலும் வழங்க வேண்டும். ஆலயங்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அதனை மக்களிடம் கொண்டு செல்லலாம்.

அதுவரை காத்திராமல் ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. அடுத்த கிளினிக் நாளில், வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும், பால்மாப் பெட்டியையும்கூட, ஒரு பையில் இட்டுக் கொண்டுசென்று குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எம் முன்னோர் கூறி வைத்தனர். அந்த அளவு எவ்வளவு என்பதை எண்ணால் அறியும் வாய்ப்பு எமது தலைமுறைக்குக் கிடைத்திருக்கின்றது. அதனைப் பயன்படுத்துவது எமது கையிலேயே உள்ளது.